டிக்கி பாருக்கு முதல் தடவை போகிறோம்: எதைச் சொல்வது, எத்தனையில் நிறுத்துவது?

ஏரிக்கரை:

வணக்கம். ஓக்லாந்து பக்கம் புதுசாக ஒரு டிக்கி பார் (பசிபிக் தீவு மாதிரி அலங்கரித்து, ரம் காக்டெயில் விற்கும் கடை) திறந்து மூன்று வாரம் ஆகிறது. வரும் வெள்ளிக்கிழமை நாலு பேர் போகிறோம். மெனுவை இணையத்தில் பார்த்துவிட்டேன். முப்பது பெயருக்கு மேல் இருக்கிறது, ஆனால் எல்லாவற்றின் கீழும் "ரம், எலுமிச்சை, மசாலா" என்ற அளவில்தான் விவரம். எங்களுக்கு ரம் என்றால் ஓல்ட் மாங்கும் கோக்கும்தான்.

முதலில் என்ன சொல்வது? எல்லாம் இனிப்பாக இருக்கும் என்கிறார்களே, சர்க்கரையைக் குறைக்கச் சொல்லலாமா? சிலவற்றின் பக்கத்தில் "ஒருவருக்கு இரண்டு மட்டும்" என்று போட்டிருக்கிறது. அது விளம்பரமா, நிஜமா? நாலு பேரில் ஒருவருக்கு நட்ஸ் அலர்ஜி. இன்னொருவர் குடிக்க மாட்டார், சைவமும்கூட. அவர் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதானா?

சர்க்கரைப்பாகு:

முதல் ரவுண்டுக்கு மெனுவை மூடி வைத்துவிட்டு மை டை சொல்லுங்கள். அது உங்கள் ஊர்ச் சரக்கு: 1944இல் 'டிரேடர் விக்' என்ற விக்டர் பெர்ஜரோன் ஓக்லாந்தில் இருந்த தன் கடையில் உருவாக்கியது. புது பாரின் தரத்தை அளக்க இதைவிட நல்ல படி இல்லை.

மூல அளவு இது: நன்றாக வயதான ரம் 60 மில்லி, ஒரு பச்சை எலுமிச்சையின் (லைம்) சாறு (25 மில்லிக்குள் வரும்), ஆரஞ்சு குராசோ என்ற ஆரஞ்சுத்தோல் மது 15 மில்லி, ஓர்ஷா என்ற பாதாம் சிரப் 7.5 மில்லி, கெட்டிச் சர்க்கரைப்பாகு 7.5 மில்லி. அவ்வளவுதான். அன்னாசிச் சாறு, ஆரஞ்சுச் சாறு, கிரெனடின் என்ற மாதுளைச் சிரப் எதுவும் கிடையாது. ஐந்தே பொருள் என்பதால் ஒன்று மட்டமாக இருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

பார்க்க வேண்டியது: நிறம் தேனுக்கும் செம்பழுப்புக்கும் நடுவில் இருக்க வேண்டும். மேலே பிழிந்த எலுமிச்சை மூடி கவிழ்த்து வைத்து, பக்கத்தில் புதினாக் கொத்து நிற்கும். தீவும் தென்னையுமாம். அந்தப் புதினா அலங்காரத்துக்கு மட்டும் இல்லை. ஸ்ட்ரா அதை ஒட்டி, குட்டையாக இருக்க வேண்டும். உறிஞ்சும்போது மூக்கு புதினாவுக்குள் போக வேண்டும். ஸ்ட்ரா எதிர்ப்பக்கம் இருந்தால் நீங்களே எடுத்து மாற்றிக்கொள்ளுங்கள், பாதிச் சுவை அங்கேதான் இருக்கிறது.

வாயில் முதலில் எலுமிச்சை, அடுத்து ரம், விழுங்கிய பிறகு லேசாகப் பாதாம் என்று வந்தால் கை தேர்ந்த பார். பாதாம் முன்னால் வந்து நின்றால் ஓர்ஷாவைக் கூட்டிவிட்டார்கள். மலிவான ஓர்ஷாவில் பாதாமே இருக்காது, எசென்ஸ்தான். மார்சிபான் மிட்டாய் போல ஒரு வாசம் அடிக்கும். நல்லது நம் பாதாம் பாலில் இரண்டு சொட்டு ஆரஞ்சுப் பூ நீர் விட்ட மாதிரி இருக்கும்.

இனிப்பைக் குறைக்கச் சொல்லாதீர்கள். இங்கே சர்க்கரை எலுமிச்சைப் புளிப்போடு எடை போட்டு வைத்தது. ஒன்றை மட்டும் குறைத்தால் பானகமாக இல்லாமல் வெறும் புளித்தண்ணியாகிவிடும். இனிப்பு பிடிக்காதென்றால் வேறு பானம் கேளுங்கள்: ஜங்கிள் பேர்ட் (கசப்பான கம்பாரி சேர்ந்தது), நேவி கிராக் (கிரேப்ஃப்ரூட், தேன், சோடா), இல்லையென்றால் சாதாரண டைகிரி (ரம், எலுமிச்சை, சர்க்கரை மட்டும்). பெயின்கில்லர் என்ற காக்டெயில் வேண்டாம், அது தேங்காய்ப் பாயசம்.

ஐஸையும் குறைக்கச் சொல்ல வேண்டாம். கோப்பை நிறைய நொறுக்கிய ஐஸைப் பார்த்ததும் "ஐஸைப் போட்டு ஏமாத்துறான்" என்று நமக்குத் தோன்றும். ஆனால் அந்த ஐஸ் உருகிச் சேரும் தண்ணீரும் ரெசிபியின் ஒரு பொருள். அரைக் கோப்பை ஐஸ் போட்டால் அது சீக்கிரம் கரைந்து, பத்தே நிமிடத்தில் வெதுவெதுப்பான சாறு மிஞ்சும். நிறைய இருந்தால்தான் ஒன்றையொன்று குளிராக வைத்திருக்கும்.

ரம்_கணக்கு:

"இரண்டு மட்டும்" என்பது விளம்பரமாகவும் நிஜமாகவும் இருக்கிறது. ஜாம்பி என்ற காக்டெயிலுக்கு அந்த வரம்பை 1930களிலேயே போட்டார் ஹாலிவுட்டில் கடை வைத்திருந்த டான் தி பீச்கோம்பர். கூட்டம் சேர்க்க நல்ல தந்திரம்தான். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் அவர் சொன்னதில் தப்பே இல்லை.

1934 ஜாம்பியில் இருக்கும் சரக்கு: தங்க நிற போர்ட்டோ ரிக்கோ ரம் 45 மில்லி, வயதான ஜமைக்கா ரம் 45 மில்லி, 151 புரூஃப் டெமராரா ரம் 30 மில்லி. 151 புரூஃப் என்றால் 75.5 சதவீதம். சுத்த ஆல்கஹால் மட்டும் கூட்டினால் ஏறக்குறைய 58 மில்லி. அமெரிக்கக் கணக்கில் ஒரு 'டிரிங்க்' என்பது 14 கிராம் ஆல்கஹால், அதாவது 18 மில்லிக்குச் சற்றுக் குறைவு. ஆக ஒரு ஜாம்பி மூன்றேகால் டிரிங்க்.

நம்மூர்க் கணக்கில் சொன்னால் சட்டென்று புரியும்: 42.8 சதவீத ரம்மில் 135 மில்லி, அதாவது ஒரு கோப்பைக்குள் முக்கால் குவாட்டர். அதை எலுமிச்சை, கிரேப்ஃப்ரூட், பட்டை சிரப் போட்டு ஜூஸ் மாதிரி கையில் கொடுக்கிறார்கள். நொறுக்கிய ஐஸ் நாக்கை மரத்துப்போகச் செய்வதால் காரம் தெரியாது. தாகத்துக்குக் குடிப்பது போல இருபது நிமிடத்தில் முடித்துவிடுவோம். 70 கிலோ எடையுள்ள ஆணுக்கு, வெறும் வயிற்றில், ஒன்றே ஒன்று, வண்டி ஓட்டுவதற்குக் கலிபோர்னியா வைத்திருக்கும் 0.08 சதவீத ரத்த ஆல்கஹால் கோட்டைத் தாண்ட வைத்துவிடலாம். எடை குறைந்தவர்களுக்கும் பெண்களுக்கும் இன்னும் மேலே போகும்.

மை டை அப்படியில்லை, ஒன்றே முக்கால் டிரிங்க் வரும். என் யோசனை: மை டை ஒன்று, நடுவில் சாப்பாடும் ஒரு பெரிய தம்ளர் தண்ணீரும், பிறகு இரண்டாவதாக ஒன்று. ஜாம்பிதான் வேண்டும் என்றால் அன்றைக்கு ஜாம்பி மட்டும், இல்லையென்றால் இரண்டு பேர் பகிர்ந்து ஒன்று. எது எவ்வளவு என்று தெரியாவிட்டால் "இதில் மொத்தம் எத்தனை அவுன்ஸ் ஸ்பிரிட், ஓவர்புரூஃப் (151 மாதிரிக் கடுஞ்சரக்கு) சேர்கிறதா" என்று பார்டெண்டரிடம் நேராகக் கேளுங்கள். ரெசிபி சொல்லாதவர்கள்கூட இதைச் சொல்லிவிடுவார்கள்.

கார் எடுத்துக்கொண்டு போக வேண்டாம் என்பதற்கு விசாக்காரர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. எச்1பி, எல்1, எஃப்1 எதுவானாலும், குடித்துவிட்டு ஓட்டியதாகக் கைதானாலே போதும், தீர்ப்பு வருவதற்கு முன்பே வெளியுறவுத் துறை விசாவை ரத்து செய்ய இடமிருக்கிறது. 2015 இறுதியிலிருந்து நடைமுறை இது. அடுத்த தடவை ஊருக்குப் போனால் புது விசா வாங்கித்தான் திரும்ப வேண்டியிருக்கும். ஊபரோ பார்ட் ரயிலோ அதைவிட மலிவு.

அடையாள அட்டையும் மறக்க வேண்டாம். தலை நரைத்திருந்தாலும் கேட்பார்கள். ஊரிலிருந்து பெற்றோர் வந்திருந்தால் பாஸ்போர்ட் ஒரிஜினல் வேண்டும். ஆதாரோ போனில் இருக்கும் படமோ பெரும்பாலும் செல்லாது.

ஏரிக்கரை:

முக்கால் குவாட்டர் என்று சொன்னதும் ஜாம்பி ஆசை போய்விட்டது, நன்றி. அலர்ஜி விஷயம் யாராவது சொல்லுங்களேன். அவருக்குப் பாதாம், முந்திரி இரண்டும் ஆகாது.

பேட்டை:

அப்படியானால் மை டை அவருக்குக் கூடவே கூடாது. ஓர்ஷா பாதாம்தான். ஆனால் ஆபத்து அதோடு முடியவில்லை, தெரியாமல் மாட்டிவிடுவது ஃபலேர்னம். அது பார்படோஸ் பக்கத்துச் சிரப்: எலுமிச்சைத் தோல், இஞ்சி, கிராம்பு. பல தயாரிப்புகளில் பாதாமும் சேரும், மெனுவில் மட்டும் "மசாலா" என்று ஒற்றை வார்த்தை நிற்கும். ஜாம்பியிலும், ஸ்விசில் எனப்படும் ஐஸ் கலக்கிய காக்டெயில்கள் பலவற்றிலும் இது உண்டு. சில பார்களில் மக்கடேமியா சிரப், பிஸ்தா ஓர்ஷா என்று புதுமை வேறு செய்கிறார்கள்.

"ஓர்ஷா இல்லாமல் போடுங்கள்" என்பது போதாது. அளவு ஜிக்கர், ஷேக்கர், ஸ்பிண்டில் மிக்சர் எல்லாம் ஒரே மை டை வரிசையில் ஓடிக்கொண்டிருக்கும். வெள்ளி இரவில் அவசரத்துக்கு ஒரு தண்ணீர் அலசல்தான் கிடைக்கும். உட்கார்ந்ததும், ஆர்டர் கொடுக்கும் முன்பே, "மரக்கொட்டை அலர்ஜி, தொட்டாலே பிரச்சினையா சாப்பிட்டால் மட்டுமா" என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். நல்ல கடை தனி ஷேக்கர் எடுக்கும். முகத்தில் குழப்பம் தெரிந்தால் அவருக்குப் புட்டி பியர் போதும். எபிபென் (அலர்ஜி அவசர ஊசி) பாக்கெட்டில் இருக்கட்டும்.

அவருக்குப் பொதுவாகப் பொருந்தக்கூடியவை டைகிரி, ஜங்கிள் பேர்ட். நேவி கிராக்கும் ஆகும், ஆனால் அதில் சில கடைகள் ஆல்ஸ்பைஸ் மசாலா மதுவும் விடும் என்பதால், அதில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பெரியவர்கள் யாராவது வருவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. கிரேப்ஃப்ரூட் சாறு சில மாத்திரைகளோடு ஒத்துப்போகாது: கொலஸ்ட்ராலுக்கான சிம்வாஸ்டாட்டின், அடோர்வாஸ்டாட்டின், ரத்த அழுத்தத்துக்கான ஃபெலோடிபின், நிஃபெடிபின் போன்றவை. மருந்து உடலில் உடையாமல் தேங்கி, அளவு கூடிப்போகும். நேவி கிராக், ஜாம்பி இரண்டிலும் கிரேப்ஃப்ரூட் உண்டு.

குடிக்காதவருக்கு: டிக்கி பாரைப் போல அவருக்கு வாகான இடம் வேறு இல்லை. ரம்மை எடுத்துவிட்டாலும் இங்கே எலுமிச்சை, பேஷன் ஃப்ரூட், பட்டை சிரப், ஜாதிக்காய், தேங்காய் க்ரீம் என்று ருசிக்க நிறைய மிஞ்சும். "மெனுவில் ஆல்கஹால் இல்லாதது எது" என்பதோடு நிறுத்தாமல் "பிட்டர்ஸும் (மணத்துக்கு விடும் கசப்பு மது) வேண்டாம்" என்று சொல்லச் சொல்லுங்கள். அங்கோஸ்துரா பிட்டர்ஸ் 44.7 சதவீதம், அதைச் சொட்டுக் கணக்கில் விடுவதால் பலர் ஆல்கஹாலாகவே எண்ணுவதில்லை.

சாப்பாட்டில்தான் சைவத்துக்குச் சங்கடம். புபு பிளாட்டர் என்று வரும் தட்டில் பெரும்பாலும் பன்றி விலா, கோழி, மாட்டிறைச்சிக் குச்சி. கிராப் ரங்கூன் பொரித்த பொட்டலம் மாதிரி இருக்கும், உள்ளே க்ரீம் சீஸோடு நண்டு. ருமாகி என்பது கோழி ஈரலைப் பேகனில் சுற்றியது. ஃப்ரைஸ், எடமாமே (பச்சைச் சோயா அவரை), காய்கறி ஸ்பிரிங் ரோல் கிடைத்தால் யோகம். எண்ணெய் ஒரே சட்டிதான் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போவது உத்தமம், குடிப்பவர்களுக்கும் அதுவே நல்லது.

கோலாலம்பூர்வாசி:

சர்க்கரைப்பாகு சொன்ன ஜங்கிள் பேர்டுக்கு ஒரு ஊர்க்குறிப்பு: அது எங்க ஊர்ப் பறவை. 1970களில் கேஎல் ஹில்டன் ஹோட்டல் பாரில் பிறந்தது. கறுப்பு ரம் 45 மில்லி, கம்பாரி 20, அன்னாசிச் சாறு 45, எலுமிச்சை 15, சர்க்கரைப்பாகு 15.

இதில் தப்பு நடக்கும் இடம் அன்னாசி. டப்பா சாறு ஊற்றினால் தட்டையாக இருக்கும், நுரையும் சரியாக எழும்பாது. புதுச்சாறாக இருந்தால் ஷேக் செய்ததும் மேலே விரல் கனத்துக்கு நுரை நிற்கும். கோப்பை வந்ததும் அந்த நுரையைப் பாருங்கள், குடிக்காமலே தெரிந்துவிடும்.

மொலாசஸ்:

சர்க்கரைப்பாகு, மை டையில் அன்னாசி கிடையாது என்பதை இவ்வளவு அடித்துச் சொல்ல வேண்டுமா? 1953இல் இதே விக் ஹவாயில் ராயல் ஹவாயன் ஹோட்டலுக்கு மை டையைக் கொண்டுபோன பிறகுதான் அன்னாசி சேர்ந்தது. எழுபது வருடம் ஆன வழக்கம். புது பார் "ராயல் ஹவாயன் மை டை" என்று தனியாகப் போட்டிருந்தால் அது குற்றமில்லை. வெறும் "மை டை" என்று எழுதிவிட்டு அன்னாசி ஊற்றினால்தான் கேள்வி கேட்கலாம்.

ரம்மைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. விக் முதலில் எடுத்தது ஜே. ரே அண்ட் நெஃப்யூவின் 17 வருட ஜமைக்கா ரம். அது தீர்ந்துபோனதும் ஜமைக்காவையும் மார்ட்டினிக்கையும் கலந்தார். இன்றைக்குப் பல பார்டெண்டர்கள் மார்ட்டினிக் என்றதும் கரும்புச்சாற்றில் வடித்த அக்ரிகோல் ரம்மை ஊற்றுகிறார்கள். பச்சைப் புல் வாசம் அடிக்கும், சிலருக்குப் பிடிக்கும். ஆனால் விக் எடுத்த மார்ட்டினிக் ரம் மொலாசஸில் (சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கரும்பாகு) வடித்த கருத்த ரகம் என்பதே விவரம் அறிந்தவர்கள் பலர் ஏற்ற கருத்து. அதனால் "அக்ரிகோல் இல்லாவிட்டால் அசல் இல்லை" என்று யாராவது பாடம் எடுத்தால் சிரித்துவிட்டு விடுங்கள்.

ஓல்ட் மாங்க் பழக்கத்தில் இருந்து வருகிறீர்கள் என்பதால் ஒன்று: அதன் வெனிலா மணம் இங்கே எடுபடாது. ஜமைக்கா ரம்மில் அழுகப்போகும் வாழைப்பழமும் அன்னாசியும் கலந்த ஒரு நெடி உண்டு, ஆங்கிலத்தில் 'ஃபங்க்' என்பார்கள். முதல் வாயில் "கெட்டுப்போச்சோ" என்று நினைக்க வைக்கும். அது குறை இல்லை, அந்த ரம்முக்குக் காசு கொடுப்பதே அதற்குத்தான்.

தேசிக்காய்:

ரம் போத்தல்களுக்கு இடையில் அரக் இருக்கிறதா என்று ஒருக்கா பாருங்கோ. நல்ல டிக்கி பார்களில் இரண்டு வகை இருக்கும், இரண்டையும் குழப்பக்கூடாது. பட்டேவியா அரக் ஜாவாவில் இருந்து வாறது, கரும்பு மொலாசஸும் சிவப்பரிசியும் சேர்த்து வடிச்சது, முரட்டு மணம். இலங்கை அரக் தென்னம்பூவில் இறக்கிற கள்ளில் வடிச்சது, மெதுவானது, எங்கட சாராயம்தான். பஞ்ச் ரெசிபியில் பட்டேவியா கேட்டிருக்கிற இடத்தில் இலங்கை அரக்கை விட்டால் எலுமிச்சையும் மசாலாவும் அதை மூடிப்போடும்.

பார்டெண்டர் ஓய்வாக நின்றால் இலங்கை அரக்கில் டைகிரி மாதிரி ஒன்று போடச் சொல்லுங்கோ: அரக் 60 மில்லி, தேசிக்காய் (எலுமிச்சை) சாறு 22, சர்க்கரைப்பாகு 15. ஓர்ஷா தேவையில்லை என்பதால், தனி ஷேக்கரில் போட்டால் அந்த அலர்ஜி நண்பருக்கும் சரிவரும்.

ஏரிக்கரை:

கடைசியாக இரண்டு சந்தேகம். பக்கத்து மேசைக்கு நெருப்போடு ஒரு பெரிய கிண்ணம் போவதை அந்தக் கடையின் வீடியோவில் பார்த்தோம். நாலு பேருக்கு அது லாபமா? சிலை உருவக் கோப்பைகளைக் கையோடு கொண்டுவரலாமா?

பேட்டை:

கிண்ணம் ஸ்கார்ப்பியன் பவுலாக இருக்கும். உங்கள் நாலு பேரில் ஒருவர் குடிப்பதில்லை, ஒருவருக்குப் பாதாம் ஆகாது. ஸ்கார்ப்பியனில் ஓர்ஷா உண்டு. மிச்சம் இரண்டு பேர் நாலு பேர் சரக்கைக் குடிப்பதா? வேண்டாம். காசில் லாபம் என்பதும் எப்போதும் உண்மை இல்லை, விலையைத் தலைக்கு வகுத்துப் பாருங்கள்.

நெருப்பு எப்படி வருகிறது என்றால், காலியான எலுமிச்சை மூடிக்குள் ஒரு ரொட்டித் துண்டு வைத்து, அதை எலுமிச்சை எசென்ஸிலோ 151 ரம்மிலோ நனைத்துப் பற்றவைக்கிறார்கள். மேலே பட்டைத்தூள் தூவினால் பொறி பறக்கும். வாயால் ஊதி அணைக்காதீர்கள், மூடிக்குள் ரம் குளமாக நின்றால் நெருப்போடு தெறிக்கும். தானாக அடங்க விடுங்கள் அல்லது பரிமாறுபவரை மூடி அணைக்கச் சொல்லுங்கள். எரியும்போது ஸ்ட்ராவில் வாய் வைக்க வேண்டாம். நீண்ட தலைமுடி, துப்பட்டா, முந்தானை கவனம். அணைந்த பிறகும் பக்கத்துப் பீங்கான் விளிம்பு சுடும்.

கோப்பையைக் கொண்டுவரக் கூடாது, அது திருட்டு. டிக்கி பார்களுக்குப் பெரிய தலைவலியே இதுதான். பல கடைகளில் புதுக் கோப்பையைக் காசு கொடுத்து வாங்கலாம், மெனுவின் கடைசிப் பக்கத்திலோ கல்லாப் பக்கத்திலோ விலை இருக்கும். வீட்டில் கழுவும்போது உள்ளே காய்ந்த சிரப் வளைவுகளில் ஒட்டிக்கொள்ளும், வெந்நீரில் ஊறவைத்துப் புட்டி பிரஷ் போடுங்கள்.

வெள்ளி இரவு எட்டு மணிக்குப் போகாமல் கதவு திறக்கும் நேரத்துக்கே போங்கள். பல கோப்பைகளுக்கு ஏழெட்டுப் பொருள் அளக்க வேண்டும், திறந்து மூன்றே வாரம் ஆன கடையில் கை இன்னும் பழகியிருக்காது. எட்டு மணிக்கு மேல் ஒரு ரவுண்டுக்கு இருபது நிமிடம் சாதாரணம். நாலு பேருடையதையும் ஒரே தடவையில் சொல்லுங்கள். ஜன்னல் இல்லாத இருட்டு அறையாகத்தான் இருக்கும், மெனு படிக்கப் போன் வெளிச்சத்தைக் கீழ்நோக்கிப் பிடியுங்கள், ஃபிளாஷ் போட்டால் பக்கத்து மேசையில் முறைப்பார்கள். டிப்ஸ் 20 சதவீதம்.

ரம்_கணக்கு:

அந்தச் சிலைகளைப் பற்றி ஒரு வார்த்தை, பேட்டை விட்டுவிட்டதால். டிக்கி என்பது நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகளின் மரபில் முதல் மனிதனின் பெயர். நீண்ட முகச் சிலை ராப்பா நூயி (ஈஸ்டர்) தீவில் முன்னோருக்காக நிறுத்திய மோவாய். குடிக்கும் ரம்மோ கரீபியன். இதெல்லாம் பசிபிக் தீவுகளின் பண்பாடு என்று நம்பிவிட வேண்டாம், 1930களின் கலிபோர்னியா கட்டிய கற்பனை. ஐயனார் சிலையைக் கோப்பையாக்கி, தலையில் குடை குத்தி, மெக்சிகோ டெகிலா ஊற்றி "இது தமிழ்நாடு" என்று எவனாவது விற்றால் நமக்கு எப்படி இருக்கும்? தீவுக்காரர்கள் சிலர் கேட்பது அதைத்தான். அதனால் சில புது பார்கள் சிலையை விட்டுவிட்டு 'டிராப்பிக்கல்' என்று மட்டும் போட்டுக்கொள்கின்றன. பானம் அதே பானம்தான். கோப்பை வாங்குவதாக இருந்தால் மீனோ மூங்கிலோ உள்ளதைப் பார்த்து எடுங்கள்.

சர்க்கரைப்பாகு:

மொலாசஸ் சொன்ன ராயல் ஹவாயன் திருத்தம் சரி, ஏற்கிறேன்.

ஏரிக்கரை, மை டை பிடித்துப்போய் வீட்டில் போட்டுப் பார்ப்பதாக இருந்தால் ஒரே ஒரு இடத்தில் கவனம்: மிக்ஸி. ஐஸும் சரக்கும் ஒன்றாகப் போட்டு ஓடவிட்டால் கூழாகி, தண்ணீர் ஏறிவிடும். ஐஸைக் கனமான துணிப்பையில் போட்டுப் பூரிக்கட்டையால் கொண்டைக்கடலை அளவுக்கு நொறுக்குங்கள். சுத்தமான துணியில் ஈரத்தை ஒற்றி எடுங்கள். ஷேக்கரில் சரக்கோடு இரண்டு கைப்பிடி போட்டுப் பத்து விநாடி குலுக்கி, வடிகட்டாமல் அப்படியே கோப்பையில் கொட்டுங்கள். எலுமிச்சையை அன்றைக்கே பிழிய வேண்டும், முந்தின நாள் சாறு கசக்கும். நம்மூர்க் குட்டி எலுமிச்சை கிடைத்தால் அதன் புளிப்பு கூடுதல் என்பதால் 20 மில்லியோடு நிறுத்தி, ருசி பார்த்துவிட்டு மிச்சத்தை விடுங்கள்.